தண்ணிக்குப் போன நேரம்

நெடுந்தீவு
9.5.1963

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை லோஞ்சு சுணங்கிவிட்டது. நான் வந்து இறங்க மத்தியானம் ஒரு மணி. இறங்குதுறையிலிருந்து வீட்டுக்கு ஒரு மைல்தான். அதற்குள் குடை பிடித்த கையும் எரியத் தொடங்கிவிட்டது. இங்கே காற்றென்பதே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிவிட்டதுபோல அசையாமல் கிடக்கிறது. குளித்துவிட்டு வந்து சீலை உடுக்கும் முன்பே வேர்த்து ஊற்றுகிறது.

நான் புறப்பட்டபோது இரஞ்சி நித்திரை. எழுப்பிச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றேன். நீங்கள் கதவடியில் நின்றுகொண்டு, "எழுப்பாதை, அழுவாள். நான் சொல்லிக்கொள்ளுறன்" என்றீர்கள். பஸ் போய்விடும் என்ற அவசரத்தில் நானும் பேசாமல் வந்துவிட்டேன். அது நாலு நாளாக என்னை அரிக்கிறது. அவளுக்கு என்ன சொன்னீர்கள் என்று எழுதுங்கள்.

அன்று இரவு நாங்கள் கதைத்ததை இனி விளக்கமாக எழுதுகிறேன். கதைத்தபோது இருவருக்கும் கோபம் வந்துவிட்டது. மாற்றமாகி இந்தத் தீவுக்கு வந்து இது ஐந்தாம் மாதம். இரஞ்சியின் அப்பா செத்தபிறகு எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளியாக இருக்க எனக்கு ஏலாது. வீட்டுக்காரி கிறேசம்மாவோடு கதைத்துவிட்டேன். மாடுகளோடு வீட்டிலேயே நிற்கிற மனுசி. நான் பள்ளிக்கூடத்தில் நிற்கும் நேரம் பிள்ளையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறா. எங்கள் அறைக்குக் கல்லுச் சுவர், மேலே இரண்டு மடிப்பு ஓலை. மத்தியானத்தில் நிலத்துக்குத் தண்ணி தெளித்துவிட்டால் படுக்கலாம்.

18ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். அவளுடைய உடுப்புகளை எடுத்து வையுங்கள்.

உங்கள் தங்கை
சறோஜினிதேவி


சிவமயம்

நாரந்தனை
12.5.63

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. பிள்ளைக்குச் சுகம். நன்றாகச் சாப்பிடுகிறாள். அத்தான் அவளுக்குப் பனையில் இறக்கின கருப்பநீர் வாங்கிவந்தார். மாங்காய்த் துண்டு போட்டுக் குடித்தாள்.

நீ எழுதியதை அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். இந்த வெக்கைக்குள் ஒரு சின்னப் பிள்ளையைத் திறந்த லோஞ்சில் ஏற்றிக்கொண்டு போவது சரியா என்று நீயே யோசி. படித்தவள் நீ. நெடுந்தீவில் நிழலுக்கு ஒரு மரமில்லை. குடிக்கிற தண்ணியும் உப்பு. அவளுக்கு இப்பவே கழுத்தெல்லாம் வேர்க்குரு. இரவில் இரண்டு மணிக்கு எழும்பி ஈரத்துணியால் ஒற்றி, விசிறியால் விசிறி நித்திரையாக்குகிறேன். நீ இரவு முழுக்க விசிறிவிட்டு விடிய எழும்பிப் படிப்பிக்கப் போவாயா? கிறேசம்மா நல்ல மனுசியாய் இருக்கலாம். பெற்ற வயிறு இல்லை, வளர்த்த கையும் இல்லை.

நான் பெறவில்லை, அது எனக்குத் தெரியும். நீ ஆசிரிய கலாசாலைக்குப் போனபோது இரஞ்சி பால் மறக்கவில்லை. இரண்டு வருடம் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் நித்திரை கொண்டாள். அதை நான் சொல்லிக்காட்டுவதாக நினைக்காதே.

அத்தான் கட்டின புது அறைக்குள் அவளுக்கென்று ஒரு கட்டில் போட்டிருக்கிறோம். நீ வந்து நின்றபோது கூரை முடியவில்லை. இப்போது தகரம் அடித்தாயிற்று. இரண்டு பெரிய யன்னல். மழைக்கு ஒரு துளி ஒழுகாது.

சோளகக் காற்றுப் பிறக்கட்டும். ஆவணி விடுமுறை வரட்டும். அப்போது பார்க்கலாம்.

அன்னபூரணம்


நெடுந்தீவு
15.5.63

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் நீங்கள் பதில் எழுதவில்லை. நான் போனதைப் பற்றி அவளுக்கு என்ன சொன்னீர்கள்? என்னைக் கேட்கிறாளா, இல்லையா?

கலாசாலைக் கதையை நீங்கள் எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் அதை மறந்தவளில்லை. ஆனால் அன்றைக்கு "நீ போய்ப் படி, பிள்ளையை நான் பார்க்கிறன்" என்றது நீங்கள். பார்க்கிறேன் என்றால் வைத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமா, அக்கா?

ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். தகரம் போட்ட அறைக்குள் அவளைப் பகலில் விடாதீர்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் தகரக் கொட்டில். பத்து மணிக்குப் பிறகு அதற்குள் நிற்க முடியாது. நேற்று ஐந்தாம் வகுப்புப் பெட்டை ஒருத்தி கணக்குச் செய்துகொண்டு இருந்தவள், அப்படியே சரிந்துவிட்டாள். தூக்கிக்கொண்டு போய்ப் பூவரச மரத்தடியில் கிடத்தி, முகத்தில் தண்ணி அடித்து, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி பருக்கினோம். இப்போது அந்த வகுப்பை மரத்தடிக்கு மாற்றிவிட்டோம். நெடுந்தீவிலும் மரம் இருக்கிறது.

18ஆம் தேதி எனக்கு வர முடியாது. லோஞ்சு பழுதாகி ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஒரு கிழமையாகுமாம். மீன்பிடி வள்ளத்தில் தபால் மட்டும் போகிறது. 25ஆம் தேதி கட்டாயம் வருவேன்.

சறோ


நாரந்தனை
20.5.63

தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோருக்கும் சுகம். இரஞ்சிக்குச் சின்னக் காய்ச்சல் வந்து சுகமாகிவிட்டது. யோசிக்காதே.

வெயில் தணியவில்லை. 25ஆம் தேதி வந்து அலையாதே. அடுத்த மாதம் வந்தால் நல்லது. பிள்ளை கொஞ்சம் இளைத்திருக்கிறாள். தேறட்டும்.

அன்னபூரணம்


நெடுந்தீவு
23.5.63

அக்கா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கிறிஸ்தோப்பர் கையில் கொடுத்துவிடுகிறேன். கிறேசம்மாவின் தம்பி அவர், லோஞ்சில் வேலை. பழுது பார்க்கக் கொண்டுபோன லோஞ்சோடு போன வெள்ளிக்கிழமை ஊர்காவற்றுறையில் நின்றவர். இன்று காலை லோஞ்சு திரும்பிவந்தது. வந்தவுடன் பள்ளிக்கூடத்துக்கே வந்து என்னிடம் கேட்டார்: "ரீச்சர், பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டேன். இரஞ்சிக்குத்தான் என்றார். பிறகு சொன்னார். "உங்கடை அத்தான், பரமலிங்கம் அண்ணை, ஆஸ்பத்திரி வாசலிலை காரால இறங்கி ஓடினவர். கையிலை பிள்ளை. ரெண்டு பேரிலையும் தண்ணி வடிஞ்சது. பிள்ளையின்ரை கால் இழுத்துக்கொண்டு இருந்தது. உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சனான்."

நீங்கள் 20ஆம் தேதி எழுதிய கடிதத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். சின்னக் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள்.

என்ன நடந்தது? ஒன்றையும் மறைக்காமல் எழுதி, கிறிஸ்தோப்பரை வாசலில் நிற்க வைத்துக் கையோடு கொடுத்துவிடுங்கள். வாசிக்காமல் நான் அங்கே வந்தால் உங்களை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

சறோஜினிதேவி


நாரந்தனை
24.5.63

தங்கச்சி,

கிறிஸ்தோப்பர் வாசலில் நிற்கிறார். மோர் கொடுத்திருக்கிறேன். அவர் குடித்து முடித்தும் நான் ஒரு வரி எழுதவில்லை.

நீ போன அன்று விடிய எழும்பின பிள்ளை உன்னைத் தேடிக் கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தாள். "அம்மா கடைக்குப் போட்டா" என்றேன். அடுத்த நாளும் கடை என்றுதான் சொன்னேன். மூன்றாம் நாள் அவளைக் காணவில்லை. ஒழுங்கையால் இறங்கி, சந்தியில் பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். பதினொரு மணி வெயில். காலில் செருப்பில்லை. "எங்கையடி போறாய்?" என்று கேட்டேன். "அம்மாவைக் கூட்டிவர" என்றாள். உன் முதல் கடிதத்துக்கு இதை நான் எழுதவில்லை. எழுதினால் அடுத்த லோஞ்சிலேயே வந்துவிடுவாய் என்று பயம்.

பிறகும் இரண்டு தரம் போனாள். மூன்றாம் தரம் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து எண்ணெய் பூசினேன். பூசும்போதே ஒரு அடி அடித்தேன்.

17ஆம் தேதி வெள்ளிக்கிழமை அத்தான் விடியவே யாழ்ப்பாணம் போய்விட்டார். எங்கள் கிணறு சித்திரையோடு உப்பாகிவிட்டது என்று உனக்குத் தெரியும். கோயிலடி நல்லதண்ணிக் கிணற்றுக்குத்தான் போகவேண்டும். பத்தரைக்குக் குடத்தை எடுத்தேன். வெயிலில் அவளைக் கூட்டிக்கொண்டு போக மனமில்லை. வெளியே விட்டுப் போனால் சந்திக்குப் போய்விடுவாள். "தண்ணி அள்ளிக்கொண்டு ஓடி வாறன் குஞ்சு, நீ படுத்திரு" என்று சொல்லிப் புது அறைக்குள் விட்டு, வெளியே கொளுக்கியைப் போட்டேன். யன்னல் இரண்டும் சாத்தியிருந்தன. அனல் வரும் என்று காலையிலேயே சாத்தியது நான்தான்.

அரைமணியில் வருகிற வழக்கம். அன்றைக்குக் கிணற்றடியில் ஊரே நின்றது. அடியில் தண்ணி ஊற ஊறத்தான் அள்ளலாம். நிற்கும்போது அவளை நினைத்தேன். நினைக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். முறையை விட்டுவிட்டு வந்தால் பிறகு பின்னேரம்வரை தண்ணி இல்லை என்று நின்றுவிட்டேன். வீட்டுக்கு வர பன்னிரண்டரை.

வந்தபோது அறைக்குள் சத்தமில்லை. நித்திரை என்று நினைத்தேன். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. எழும்பினால் அம்மா என்று தொடங்குவாள், அதற்குள் சோற்றை வடித்துவிடுவோம் என்று குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினேன். சோறு வெந்து, வடித்து இறக்கினபிறகுதான் போய்க் கதவைத் திறந்தேன். இந்த அரைமணியை நான் டொக்டருக்குச் சொல்லவில்லை. அத்தானுக்கும் சொல்லவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

கதவோடு ஒட்டிக் கிடந்தாள். உள்ளே கால் வைக்கவே முகத்தில் அடித்தது வெக்கை. அவள் உடம்பில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. தொட்ட கை சுட்டது. கண் மேலே சொருகிக் கைகால் இழுத்தது. வெளியே தூக்கிவந்து, அள்ளிவந்த குடத்துத் தண்ணி முழுவதையும் அவள் மேல் ஊற்றினேன். நான் கத்தின கத்தலில் அயலட்டை வந்தது. அந்த நேரம் அத்தானும் சந்தியில் பஸ்ஸால் இறங்கி வந்துவிட்டார். ஆரோ கார் பிடித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஈரச்சீலையால் சுற்றி, விசிறி, மருந்து ஏற்றினார்கள். நாலு மணிக்குப் பிறகுதான் கண் விழித்தாள். "இன்னும் கொஞ்சம் சுணங்கியிருந்தால் பிள்ளை தப்பியிராது அம்மா" என்று டொக்டர் சொன்னார். மூன்று நாள் வைத்திருந்து வீட்டுக்கு விட்டார்கள். வலிப்பு பிறகு வரவில்லை. கதைக்கிறாள், நடக்கிறாள், சாப்பாடுதான் குறைவு.

தகர அறைக்குள் விடாதே என்று நீ எழுதின கடிதம் அந்த வெள்ளிக்கிழமைதான் வந்திருந்தது. தபால்காரன் விறாந்தையில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அடுத்த நாள் பிள்ளையின் உடுப்பு எடுக்க வந்தபோதுதான் வாசித்தேன்.

வெயிலுக்குப் பயந்து பூட்டினேன் என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். அவள் உன்னிடம் வரப் புறப்பட்டாள், அதற்காகத்தான் பூட்டினேன்.

வந்து கூட்டிக்கொண்டு போ. மத்தியான லோஞ்சில் மட்டும் ஏறாதே. விடிய முதல் லோஞ்சில் போ.

அன்னபூரணம்


நெடுந்தீவு
28.5.63

அக்கா,

ஞாயிறு விடியப் புறப்பட்டு எட்டரைக்குள் வந்து சேர்ந்துவிட்டோம். கடல் அமைதி. அவளுக்குத் தலைசுற்றோ சத்தியோ வரவில்லை.

சனிக்கிழமை இரவு ஒரே வீட்டில் இருந்தும் உங்களோடு ஒரு சொல் கதைக்க என்னால் முடியவில்லை. நீங்களும் குசினியை விட்டு வெளியே வரவில்லை. அத்தான்தான் இடையில் நடந்து திரிந்தார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

மிச்ச உடுப்புகளைக் கிறிஸ்தோப்பரிடம் கொடுத்துவிடுங்கள். வேறொன்றும் அனுப்ப வேண்டாம். இப்போதைக்குக் கடிதமும் வேண்டாம்.

சறோ


நாரந்தனை
2.6.63

தங்கச்சிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். டொக்டர் சொன்னதை நீ கேட்காமல் போய்விட்டாய் என்பதால் எழுதுகிறேன். ஒருக்கால் இப்படி வந்த பிள்ளைக்கு வெக்கை திரும்பவும் இலகுவாகத் தாக்குமாம். பத்து மணி தொடக்கம் நாலு மணிவரை வெயிலில் விடாதே. தாகம் என்று அவள் கேட்கும்வரை பார்த்திராமல் அடிக்கடி பருக்கு. உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்த் தண்ணி நல்லதாம். வேர்க்காமல் உடம்பு சுட்டால் ஒரு நிமிடமும் நிற்காமல் நனைத்துவிடு. காய்ச்சல் என்று போர்த்திவிடாதே.

உடுப்பு ஆறு சோடி இருக்கிறது. மெல்லிய வொயில் துணியில் கையில்லாத சட்டை இரண்டு புதிதாகத் தைத்தேன். வேண்டாமென்றால் திருப்பி அனுப்பு.

அடுப்பு மூட்டினதை அத்தானுக்குச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டுச் சால்வையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் காலை ஏணி வைத்து ஏறித் தகரத்தைக் கழற்றத் தொடங்கினார். "ஓலை போடப் போறன்" என்றார். நான் கீழே நின்று ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன். காலை ஒன்பது மணிக்கே கையில் பிடிக்க முடியவில்லை. சீலைத் தலைப்பால் பிடித்து வாங்கினேன்.

அன்னபூரணம்


நெடுந்தீவு
16.6.63

அன்புள்ள அக்காவுக்கு,

சட்டைகளைத் திருப்பி அனுப்பவில்லை. இரண்டையும் மாறி மாறிப் போடுகிறாள்.

போன திங்கட்கிழமை சோளகம் பிறந்துவிட்டது. இரவில் இப்போது போர்வை தேடலாம். பகலில் வெயில் அப்படியேதான் இருக்கிறது, காற்றோடு மண்ணும் சேர்ந்து பறக்கிறது. இரஞ்சி அறைக்குள் படுக்க மாட்டாள். கதவைக் கயிறு போட்டுத் திறந்தபடி கட்டியிருக்கிறேன். அப்படியும் வாசலைத் தாண்டமாட்டாள். முற்றத்துப் பூவரசின் கீழ் பாய் போட்டு இருவரும் படுக்கிறோம். காற்றடித்துக் கதவு ஏதாவது சத்தம் போட்டால் என் கையைப் பிடிக்கிறாள்.

நேற்றுப் பின்னேரம் கிறேசம்மா கிணற்றில் மாட்டுக்குத் தண்ணி அள்ளிக்கொண்டு நின்றா. இரஞ்சி கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு என்னிடம் வந்து கேட்டாள்: "அம்மா, பெரியம்மா இன்னும் தண்ணி அள்ளி முடியேல்லையோ?"

எனக்கு விளங்கவில்லை. "ஏன் பிள்ளை?" என்றேன்.

"ஓடி வாறன் எண்டவ. நான் படுத்திருந்தனான். வரேல்லை."

அவளுக்குக் கோபம் இல்லை, அக்கா. பிறகு வீட்டில் உங்களைக் கண்டதும், நீங்கள் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்ததும் அவளுக்கு எப்படி மறந்ததோ தெரியாது. நீங்கள் கிணற்றடியில்தான் நிற்கிறீர்கள் என்று இருக்கிறாள். நான் குசினிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் நானும் உங்களைப்போல ஒரு கடிதம் எழுதினவளாகிவிடுவேன். வடித்த சோற்றை நினைத்து, உலை வைத்த அடுப்பை விட்டு எழும்பிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன். அதோடு இன்னொன்றையும் நினைக்கிறேன். அன்று விடிய அவளை எழுப்பி, "அம்மா நெடுந்தீவுக்குப் போறன், திரும்பி வருவன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்க என்னாலும் முடிந்திருக்கும். பஸ்ஸைப் பார்த்தேன்.

இப்போது ஒரு சங்கடம் வந்திருக்கிறது. மண்டைதீவில் கிறேசம்மாவின் மகளுக்கு மாதம் கிட்டிவிட்டது. 23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை போனால் ஒரு மாதத்துக்குத் திரும்பமாட்டா. இரஞ்சியை வகுப்பில் என் பக்கத்தில் இருத்திப் பார்த்தேன். மூன்று நாள் விட்டுவிட்டுத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார், அப்படி வைத்திருக்க ஏலாதாம். அவர் சொல்வதிலும் பிழையில்லை. அந்த வெக்கைக்குள் அவளை இருத்துவதும் பயம்.

ஒரு மாதம் இங்கே வந்து நிற்பீர்களா? அத்தானிடம் கேளுங்கள்.

சறோ


நாரந்தனை
19.6.63

தங்கச்சி,

அத்தான் போகச் சொல்கிறார். தான் ஒரு மாதம் சமைத்துச் சாப்பிடுவாராம். பெட்டி கட்டிவிட்டேன். கட்டினதை நேற்று இரவு அவிழ்த்தும் விட்டேன்.

உன் கடிதத்தில் நீ எழுதாதது ஒன்று இருக்கிறது. நீ பள்ளிக்கூடம் போனபிறகு வீட்டில் வேறொருவரும் இல்லை. பிள்ளையும் நானும்தான். அவளை என்னோடு தனிய விட்டுவிட்டு நீ போவாயா? வகுப்பில் நின்றுகொண்டு நீ நிம்மதியாய் இருப்பாயா? வேறு வழியில்லை என்பதற்காக என்னைக் கூப்பிட வேண்டாம். அப்படியென்றால் கூலிக்கு ஆரையாவது பார். நான் குறை நினைக்கமாட்டேன்.

இதற்கு மட்டும் பதில் எழுது. சுற்றி வளைக்காதே.

அன்னபூரணம்


நெடுந்தீவு
21.6.63

அக்கா,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கிறிஸ்தோப்பர் இன்று பின்னேரமே கொண்டுவந்து தருவார். இரவு அங்கேதான் ஒரு வீட்டில் தங்குவார். விடிய உங்களை முதல் லோஞ்சில் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

பெரியம்மா தண்ணி அள்ளி முடித்துவிட்டா, நாளைக்கு வருவா என்று இரஞ்சிக்குச் சொல்லிவிட்டேன். இறங்குதுறைக்கு வருவேன் என்று நிற்கிறாள். எட்டு மணிக்கு வெயில் ஏறமுன் கூட்டிவருகிறேன்.

திங்கட்கிழமை ஏழேகாலுக்கு நான் பள்ளிக்கூடம் போவேன். நீங்கள் பிள்ளையோடு நிற்பீர்கள். ஒருவேளை பாதி வழியில் நான் திரும்பி ஓடிவந்து பார்க்கவும் கூடும். முதல் கிழமை அப்படித்தான் இருக்கும். நான் வந்து நின்றால் ஒன்றும் கேட்காதீர்கள், நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். பார்த்துவிட்டுப் போய்விடுவேன். பள்ளிக்கூடம் விட்டு வர இரண்டு மணியாகும்.

சறோ